அண்ணன்தான் அட்மினிஸ்ட்ரேட்டர்

திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் நடுக்கணக்கு என்ற பிரிவில், தொழிலாளர் வரிசை வீடான ஏழாம் நம்பர் லயத்துக்கு 2004ஆம் ஆண்டு ஒரு கம்பியூட்டர் வந்து இறங்கியது. தலவாக்கலையிலிருந்து திரும்பிய வெறும் கொழுந்து லொறியில், இரண்டு அட்டைப் பெட்டிகளையும் மார்போடு அணைத்தபடி உட்கார்ந்து வந்தவள் சண்முகவடிவு. லயத்துச் சனம் முழுக்க வாசலில் கூடிவிட்டது. டி.வி. என்று நினைத்து, "ஞாயித்துக்கெழம படம் பாக்க வரலாமா வடிவு?" என்று கேட்டவர்களும் உண்டு. அவள் எல்லோருக்கும் சரி சரி என்று தலையாட்டினாள். அன்றைக்கு அவள் யாரிடமும் எதற்கும் மாட்டேன் என்று சொல்லியிருக்க மாட்டாள்.

வடிவுக்கு அப்போது இருபத்தாறு வயது. தோட்டத்து முன்பள்ளியில் டீச்சர். சின்னஞ்சிறுசுகளுக்குப் பாட்டும் கதையும் சொல்லி, மூக்கைத் துடைத்துவிட்டு, பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு அனுப்புகிற வேலை. அட்டனில் ஆறு மாதம் கம்பியூட்டர் படித்துச் சான்றிதழும் வாங்கியிருந்தாள். அந்தப் பிரிவில் மவுஸைப் பிடிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

அவளுக்குப் பதினான்கு வயதில் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா காளியாயி கொழுந்து பறித்துக் கொண்டுவருவது அடுப்புக்கே பற்றவில்லை. அண்ணன் கணேசமூர்த்திதான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஸ்டோருக்கு, அதாவது தேயிலை ஃபெக்டரிக்கு, வேலைக்குப் போனான். "நீ படி, நான் பாத்துக்கிறேன்" என்று சொன்னான், சொன்னபடி பார்த்துக்கொண்டான். ஓ.லெவல் பரீட்சைக்கு நான்கு மைல் அவளோடு நடந்தே போய், பள்ளிக்கூட வாசலில் மழையில் காத்து நின்றிருக்கிறான். அந்த நன்றியை வடிவு ஒருநாளும் மறந்தவளில்லை. கொஞ்சம் மறந்திருந்தால் பிழைத்திருப்பாள்.

கம்பியூட்டரைப் பூட்டி முடித்த அன்றே, அதை யார் யார் எப்படிப் பாவிப்பது என்ற கேள்வி வந்தது. அட்டனில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்: ஒரு வீட்டில் பலபேர் பாவிக்கிற மெஷினில் ஒருவர்தான் அட்மினிஸ்ட்ரேட்டராக இருக்க வேண்டும், மற்றவர்கள் லிமிட்டட், அப்போதுதான் கண்டதையும் ஏற்றி மெஷினைக் கெடுக்க மாட்டார்கள். புதுசாக ஒன்றை ஏற்றவோ எடுக்கவோ, இன்னார் உள்ளே வரலாம் வரக்கூடாது என்று சொல்லவோ, அந்த ஒருவருக்குத்தான் அதிகாரம்.

அந்த இடத்தில் யார் பெயரைப் போடுவது? இதை ஒரு கேள்வியாகக்கூட வடிவு நினைக்கவில்லை.

"அண்ணே, இதுக்கு ஒரு தலைவர் வேணும். ஒங்க பேரப் போட்டுட்டேன்."

"எனக்கு இதுல ஒன்னுமே தெரியாதே புள்ள. ஒம் பேரையே போட்டுக்க."

"அது எப்பிடிங்கண்ணே? வோட்டர் லிஸ்டுல இருந்து லைட்டு பில்லு வரைக்கும் ஒங்க பேருலதான இருக்கு. இது மட்டும் எம் பேருல இருந்தா பாக்குறவங்க என்ன நெனப்பாங்க?"

கணேசமூர்த்தி சிரித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். இப்படியாக, கம்பியூட்டர் தெரிந்தவள் லிமிட்டட் ஆனாள். மவுஸைத் தொட்டால் கரண்ட் அடிக்குமோ என்று பயந்தவன் அட்மினிஸ்ட்ரேட்டர் ஆனான். சிரிக்க வேண்டாம். வீட்டில் ஆம்பிளை ஒருத்தன் இருக்கும்போது நம் லயங்களில் யாரும் வேறு மாதிரிச் செய்திருக்க மாட்டார்கள். அண்ணனுக்கு ஒரு பாஸ்வேர்டும் வைத்துக்கொடுத்து, "இது எனக்கும் தெரியும், நீங்க மாத்திக்கங்க" என்று சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். தனக்கென்று பாஸ்வேர்ட் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. கூடப்பிறந்தவனுக்கு முன்னால் பூட்டுப் போடுவது அவளுக்கு அசிங்கமாகப் பட்டது.

திரையில் இரண்டு பெயர்கள் வந்தன. அண்ணன் பெயருக்குப் பக்கத்தில் கார்ப் படம், அவள் பெயருக்குப் பக்கத்தில் வண்ணத்துப்பூச்சி.

முன்பள்ளி விட்டு வந்து, ஒரு வாய் சோறு தின்றுவிட்டு, அண்ணன் ஸ்டோரிலிருந்து வரும்வரை வடிவு அதன் முன்னால் உட்காருவாள். அண்ணன் வந்தால் அவனுக்குச் சீட்டாட்டம், சீடியில் படம். பிற்பகல் மட்டும்தான் அவளுடையது. அந்த நேரத்தில் அவள் எழுதத் தொடங்கினாள். அரசாங்கம் தந்திருந்த முன்பள்ளிப் புத்தகத்தில் கடலும் கப்பலும் பனைமரமுமாக இருந்தன. இவளுடைய பிள்ளைகள் கடலைப் பார்த்ததில்லை. ஆகவே கொழுந்துக் கூடையை வைத்து எண்ணிக்கை, ஸ்டோர்ச் சங்கை வைத்து நேரம், நானுஓயா ஸ்டேஷனில் ரயில் நிற்கிற பாட்டு என்று தானே பாடம் கட்டினாள். காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற பெரட்டுக்களத்தில் தனக்கும் பேர் கொடுக்க வந்த பூனையைப் பற்றி ஒரு கதை இருந்தது. வகுப்பில் துஷாந்துக்கு முன்பல் விழுந்து, அதை அவன் கூரைமேல் எறியப்போய் கங்காணி தொப்பியில் விழுந்ததுகூட ஒரு பாடமாகிவிட்டது. அதைப் படித்துக்காட்டும்போதெல்லாம் துஷாந்த் எழுந்து நின்று பொக்கை வாயைத் திறந்து காட்டுவான்.

தமிழில் அடிக்க எழுத்துரு ஏற்ற வேண்டியிருந்தது. லிமிட்டட்காரிக்கு அந்த அனுமதி இல்லை. அண்ணன் வரும்வரை காத்திருந்து கேட்டாள். அதற்குள் அவன் பாஸ்வேர்டை மாற்றியிருந்தான். ஒரு கையால் மறைத்துக்கொண்டு மறு கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தான்.

"அங்கிட்டுப் பாரு" என்றான்.

"நான்தானே ஒங்களுக்குச் சொல்லிக்குடுத்தேன்?"

"சொல்லிக்குடுத்தா? ரூல்ஸு ரூல்ஸுதான்."

வடிவு சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உள்ளுக்குள் லேசாகக் குத்தியது. அண்ணன் பழகிக்கொள்கிறானே என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். அடுத்த வருஷம் அண்ணனுக்குக் கல்யாணமாகி சுலக்ஷனா வந்தாள். வடிவைவிட இரண்டு வயது இளையவள், ஆனாலும் அண்ணி. திரையில் மூன்றாவதாக அவள் பெயரும் ஏறியது. முன்பள்ளியில் உதவிக்கு ஆள் வேண்டுமென்று கேட்டு, தோட்டத்துரையிடம் நடையாய் நடந்து, அண்ணிக்கு அந்த வேலையை வாங்கிக்கொடுத்ததும் வடிவுதான்.

இரண்டு வருஷத்தில் அறுபத்திரண்டு பாடங்கள் சேர்ந்தன. பத்திரத்துக்கு ஃப்ளொப்பியில் ஒரு பிரதி எடுத்துவைத்தாள். நம் ஊர்ப் பனி சும்மா விடுமா? மூன்றே மாதத்தில் பூஞ்சணம் பிடித்து அது திறக்காமல் போயிற்று.

2006இல் நுவரெலியாவிலிருந்து குணபூசணி மிஸ் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மாவட்டத்து முன்பள்ளிகளுக்குப் பொறுப்பான அதிகாரி. வேனிலிருந்து இறங்கியதும் சேற்றில் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு வகுப்புக்குள் வந்து பாயில் உட்கார்ந்து கேட்டார். தோட்டத்துப் பிள்ளைகளுக்கென்றே ஒரு கைந்நூல் அச்சடிக்கப் போகிறார்களாம். சொந்தமாக எழுதினவர்கள் வருகிற வெள்ளிக்கிழமை கொடுக்கலாம். தெரிவாகும் நூலை எழுதியவருக்கு மாவட்டப் பயிற்சியாளர் வேலை. தோட்டம் தோட்டமாகப் போய் டீச்சர்மாருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

"உங்களிட்ட ஏதும் இருக்கோ?" என்று கேட்டார்.

"இருக்குங்க மிஸ். கொண்டாந்து தர்றேன்" என்றாள் வடிவு. பக்கத்தில் சுலக்ஷனா பிள்ளைகளுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அன்று வீட்டில் அவள் வாய் ஓயவில்லை. புத்தகத்தின் அட்டையில் பெயர் வரும் என்றாள். வேன் வந்து கூட்டிப்போகும் என்றாள். அம்மா எல்லாவற்றுக்கும் ம் கொட்டினாள். அந்த நேரத்தில் அக்கரப்பத்தனைப் பக்கம் வடிவுக்கு ஒரு மாப்பிள்ளையும் தகைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பரிசம் போட வருகிறார்கள்.

வியாழக்கிழமை காலை அம்மா பிடிவாதமாக நின்றாள். "சீல எடுக்கணும், வா. இன்னிக்கே போயிட்டு வந்துருவோம்." நாளைக்குப் பாடங்களை டவுனுக்குக் கொண்டுபோய் அச்செடுக்க வேண்டுமே என்று வடிவு இழுத்தாள். "நாளக்கி எடுக்குறத நாளக்கி எடு" என்றாள் அம்மா. இருவரும் தலவாக்கலைக்குப் போய், கடை கடையாக ஏறி, மூன்று மணிக்குத் திரும்பினார்கள்.

வடிவு சீலையைக் கட்டில்மேல் போட்டுவிட்டுக் கம்பியூட்டரைப் போட்டாள். திரையில் இரண்டே பெயர்கள். கணேஷ், சுலக்ஷனா. வண்ணத்துப்பூச்சியைக் காணவில்லை.

அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். இரண்டே பெயர்கள்.

அண்ணன் அன்றைக்கு ஸ்டோருக்குப் போகாமல் வீட்டில்தான் இருந்தான். ஓடிவந்து தலையில் கைவைத்துக்கொண்டான். "வைரஸ் புடிச்சிருச்சு புள்ள! காலையில ஒரு சீடி போட்டேன். ஒம் பேரையே தின்னுருச்சு. நான்தான் பாவி." அவன் கண் கலங்கியிருந்தது. அவனுடைய பெயரைத் திறந்து உள்ளே தேடிப் பார்க்கிறேன் என்று அவள் கெஞ்சினாள். "தொடாத, தொட்டா இன்னும் பரவும். அட்டனுக்குக் கொண்டுபோயி காட்டுறேன்" என்று சொல்லி வயரைப் பிடுங்கி, மெஷின்மேல் துணியைப் போட்டு மூடினான்.

வைரஸ் ஒரு ஆளின் பெயரை மட்டும் பொறுக்கித் தின்னுமா என்று படித்தவளுக்குத் தெரியாதா? தெரியும். வேறு யார் வீட்டில் நடந்திருந்தாலும் அந்தக் கணமே சொல்லியிருப்பாள். அழுகிற அண்ணனைப் பார்த்து, "விடுங்கண்ணே, நீங்க என்னா வேணும்னா செஞ்சீங்க?" என்று அவனைத் தேற்றினாள். அப்படிப்பட்ட அசடு.

பிள்ளைகளின் பழைய கொப்பிகளின் பின்பக்கங்களில் ஞாபகத்திலிருந்து எழுதத் தொடங்கினாள். வெள்ளிக்கிழமைக்குள் ஒன்பது பாடந்தான் வந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பரிசம் போட்டார்கள். புதுச்சீலை கட்டிக்கொண்டு சிரித்த முகமாக நின்றாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, தலவாக்கலையில் நடந்த டீச்சர்மார் கூட்டத்தில் குணபூசணி மிஸ் அவளைக் கூப்பிட்டார். சுலக்ஷனா அன்று காய்ச்சல் என்று வரவில்லை.

"உங்கட அண்ணி நல்ல கெட்டிக்காரி. அவவின்ர புத்தகந்தான் தெரிவாகியிருக்கு. நீங்களும் தாறன் எண்டனீங்கள், என்ன நடந்தது?"

கையில் தந்த தாள்கட்டைப் புரட்டினாள். முதல் பக்கத்தில் திருமதி சுலக்ஷனா கணேசமூர்த்தி. மூன்றாவது பக்கத்தில் பெரட்டுக்களத்துப் பூனை. துஷாந்தின் பல். அறுபத்திரண்டு பாடமும், அவள் விட்ட எழுத்துப்பிழையோடு. "வாசிச்சிட்டுத் தர்றேன் மிஸ்" என்று மட்டும் சொல்லி, கட்டை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். பஸ்ஸில் ஒருவரும் அவளோடு பேசவில்லை. அது ஒன்றுதான் அன்றைக்கு அவளுக்குக் கிடைத்த புண்ணியம்.

வீட்டில் மூவரும் இருந்தார்கள். அவள் கட்டைக் கம்பியூட்டர்மேல் வைத்தாள்.

"அண்ணே, பாஸ்வேர்டை அடிங்க."

"எதுக்கு? அதான் வைரஸுன்னு..."

"அடிங்கண்ணே."

கணேசமூர்த்தி அம்மாவைப் பார்த்தான். காளியாயி அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள்: "தொறந்து காட்டிரு தம்பி. இனி என்னா மறச்சு."

வடிவுக்கு எல்லாம் விளங்கியது அந்தச் சொல்லில்தான். தலவாக்கலையில் அம்மா கடை கடையாக ஏற்றி இறக்கியது, பிடிக்காத சீலையையும் விரித்துக் காட்டச் சொன்னது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தது. அண்ணனை மன்னிக்கவாவது ஒருநாள் வரலாம். அம்மா தன்னை வெளியே கூட்டிப்போய் வைத்துக்கொண்டிருந்ததை அவளால் ஒருபோதும் மன்னிக்க முடியவில்லை.

அண்ணன் துணியை விலக்கி, வயரைச் சொருகி, பாஸ்வேர்டை அடித்தான். கார்ப்படக்காரனின் திரையில், 'வடிவு' என்ற பெயரோடு ஒரு ஃபோல்டர் இருந்தது. உள்ளே அறுபத்திரண்டு ஃபைலும் குத்துக்கல்லாட்டம் இருந்தன.

அட்டனில் இதையும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒருவரின் பெயரை எடுத்துவிடச் சொன்னால் மெஷின் உடனே எடுத்துவிடாது. நின்று ஒரு கேள்வி கேட்கும். இவருடைய ஃபைல்களை வைத்துக்கொள்ளவா, அழித்துவிடவா? வைத்துக்கொள் என்றால், எல்லாவற்றையும் அள்ளி அட்மினிஸ்ட்ரேட்டரின் பக்கத்தில் ஒரு ஃபோல்டரில் போட்டுக் கொடுத்துவிட்டு, ஆளை மட்டும் அழிக்கும். வேண்டாம் என்று திரும்பிப்போகவும் ஒரு பொத்தான் உண்டு.

"வைரஸ் கேள்வி கேக்காதுங்கண்ணே" என்றாள் வடிவு. "இது ஒங்ககிட்ட கேட்டிருக்கு. நீங்க யோசிச்சுப் பதில் சொல்லியிருக்கீங்க. எழுதுனது வேணும், எழுதுனவ வேணாம்னு."

"நீ அக்கரப்பத்தனைக்குப் போயிருவ" என்றான் அவன். "ஒங்கூடவே வேலையும் போயிரும். சுலக்ஷனா இங்க இருக்குறவ. நம்ம வீட்டுக்குள்ளதான இருக்கு? யாரு பேருல இருந்தா என்னா?"

"அப்ப எம் பேருலயே இருந்திருக்கலாமே?"

அவனுக்குக் கோபம் வந்தது. "ஒனக்காக நான் பள்ளிக்கூடத்த விட்டேன். எம் பேரு எங்க வந்துச்சு? நான் ஒருநாளாச்சும் கேட்டேனா?"

பதினான்கு வருஷமாக அவன் அதைச் சொல்லிக்காட்டியதே இல்லை. அவளுக்கு அண்ணன்மேல் இருந்த மரியாதையில் பாதி அதற்காகத்தான். அதையும் அன்றைக்குப் பறித்துக்கொண்டான். சுலக்ஷனா சுவரைப் பார்த்துக்கொண்டு, "நான் வேணாமுன்னுதான் சொன்னேன் வடிவு" என்று முனகினாள். சொன்னாளோ என்னவோ. கையெழுத்துப் போடும்போது கை கோணவில்லையே.

விஷயம் அதோடு முடியவில்லை. குணபூசணி மிஸ்ஸுக்கு ஏதோ உறுத்தியிருக்கிறது. அடுத்த புதன்கிழமை அவர் வருவதாகச் செய்தி வந்தது. அன்று காலை மலைக்குப் புறப்படும் முன்னால், கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிய நிலையிலேயே காளியாயி மகளின் கையைப் பிடித்து இழுத்துத் தன் உச்சந்தலையில் வைத்தாள். "விசயம் வெளிய போனா அவன திருடன்னு சொல்லுவாங்க. மாப்பிள வீட்டுக்காரங்க காதுக்குப் போனா ஒன்னயும் வேணாம்பாங்க. நீ எப்பிடியும் பொழச்சுக்குவ. எந் தலமேல சத்தியம்."

முன்பள்ளியில் பிள்ளைகள் போனபின் குணபூசணி மிஸ் கதவைச் சாத்தினார். வடிவும் சுலக்ஷனாவும் எதிரில் நின்றார்கள்.

"துஷாந்துக்குப் பல்லு விழுந்தது எப்ப எண்டு உங்கட அண்ணியிட்டக் கேட்டன். அவவுக்குச் சொல்லத் தெரியேல்ல. இந்தக் கதையைச் சொன்னது ஆர் எண்டு துஷாந்திட்டக் கேட்டன், அவன் உங்களைத்தான் காட்டினவன்." வடிவு திருப்பிக் கொடுத்த கட்டை மேசைமேல் வைத்தார். "பயப்பிடாதேங்கோ பிள்ளை. உண்மையைச் சொல்லுங்கோ. இது ஆர் எழுதினது? நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் காணும், இண்டைக்கே மாத்தலாம்."

சுலக்ஷனாவின் கை முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தது. வடிவு முதல் பக்கத்துப் பெயரையே பார்த்தாள். ஒரு சொல்தான். இரண்டு வருஷப் பிற்பகல்கள் முழுக்க நாவின் நுனியில் வந்து நின்றன.

"அண்ணிதாங்க மிஸ் எழுதினாங்க" என்றாள். "நான் டைப் மட்டுந்தான் அடிச்சுக் குடுத்தேன்."

குணபூசணி மிஸ் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கட்டை எடுத்துக்கொண்டு வேனில் ஏறினார். சொன்னவள் பொய்க்காரி என்று அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. எவர்மேல் கோபப்படுவதென்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். அந்த வீட்டு நாலு பேர்மேலும், வடிவையும் சேர்த்து.

வைகாசியில் வடிவுக்குக் கல்யாணம். அதற்கு முதல் வாரம் புத்தகம் அச்சாகி வந்து, சுலக்ஷனாவைக் கூட்டிப்போக வேனும் வந்தது. லயமே வாசலில் நின்று பார்த்தது.

பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புகிற நேரத்தில் கூடப்பிறந்தவன் வாசலில் நின்று வழியனுப்புவது வழக்கம். பெண் அவனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும். அழாவிட்டால் ஊர் பேசும். கணேசமூர்த்தி தங்கச்சியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான். அது நடிப்பல்ல, உண்மையாகவே அழுதான். அதுதான் கொடுமை. பார்த்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "அப்பனுக்கு அப்பனா நின்னு கரை சேத்துட்டான்" என்றார்கள்.

வடிவு கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு வேனில் ஏறினாள். அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"படிக்கவச்ச அண்ணனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீரு விட்டாளா பாரு, கல்லு நெஞ்சுக்காரி" என்று ஏழாம் நம்பர் லயத்தில் இன்றைக்கும் சொல்வார்கள்.